பத்துக்கு எத்தனை நோவு

மே 4, திங்கள்

வெயில். ஆனால் காற்று. கொடியில் போட்ட விரிப்பு இரண்டும் பக்கத்து வீட்டு வேலியில். எடுத்து வந்து திரும்பத் தோய்த்தேன்.

செய்ய வேண்டியவை: மகள் மயூரிக்கு மழைச் சப்பாத்து. பாலர் நிலையத்துக்குப் பழம், இந்தக் கிழமை எங்கள் முறை. ரசத்துக்கு மிளகு.

மிளகு இருந்தது. பெருங்காயம் தேடப்போய்த்தான் இந்த நாள் இப்படி ஆனது. அலுமாரி மேல்தட்டில் ஒன்றுக்கு இரண்டு மஞ்சள் தகரப் பேணி. ஒன்றில் பெருங்காயக் கட்டி. மற்றதிலும் கட்டிதான், மண்ணிறம், கொஞ்சம் மெழுகு மாதிரி. நகத்தால் கீறி மணந்தேன். தாவரவியல் செய்முறை வகுப்பில் காய்ந்த மாதிரியைத் தாளில் ஒட்டி, கீழே பெயர் எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். அந்த மணம் மறக்காது.

இவர் வேலையால் வந்ததும் பேணியை மேசையில் வைத்தேன்.

"இது என்ன?"

சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். "ஈசன் தந்தவன். இரவில எப்பன் புகைச்சா கால் பிடிப்பு விடுது."

"எப்ப தொடக்கம்?"

"மாசியில இருந்து."

பல்கனியில் நின்று சிகரட் பிடிக்கிறார் என்றல்லவா நினைத்தேன். அதற்கும் சண்டை பிடித்திருக்கிறேன்.

"பெருங்காயத்துக்குப் பக்கத்தில வைக்கச் சொன்னது ஆர்?"

"மணம் தெரியாது எண்டு அவன்தான் சொன்னவன்."

ஈசன் அண்ணை தொழிற்சாலையில் இவரோடு ஒரே களஞ்சியத்தில். காற்றாலை இறகுகளுக்குப் போகிற சாமான்களை இவர் பாரம் தூக்குகிற ட்ரக்கில் ஏற்றி இறக்குவார், ஈசன் அண்ணை எண்ணிப் பதிவார். தனிக்கட்டை. மாதம் ஒருதரம் கோபன்ஹேகன் போய்வருகிறவர். கோயிலுக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

இவருடைய முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் ஒரு செல் துண்டு, எறிகணை இரும்பு, கிடக்கிறது. எடுக்கப்போனால் கால் போகலாம் என்று யாழ்ப்பாணத்திலும் சொன்னார்கள், இங்கேயும் சொன்னார்கள். ஊரை விட்டு ஓடும்போது விழுந்த செல். இவருடைய அக்காதான் இவரைச் சைக்கிளில் குறுக்கே போட்டு உருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவ. அந்த அக்கா இப்போது வன்னியில், சண்டைக்குள், இரண்டு பிள்ளைகளோடு. பங்குனிக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

ம. கதிரையில் ஏறி அலுமாரி திறக்கப் பழகிவிட்டாள். பேணியை என் கைப்பைக்குள் வைத்திருக்கிறேன். எழுதும்போதுதான் யோசனை வருகிறது: நாளை அந்தப் பையோடு வேலைக்குப் போகவேண்டும். எழும்பிப் போய்த் தையல் பெட்டிக்குள் மாற்றிவிட்டு வந்தேன்.

மே 5, செவ்வாய்

மழை. முதியோர் இல்லத்தில் மதியம் வரை வேலை. பிறகு சப்பாத்து வாங்கினேன் (சிவப்பு, ஒரு அளவு பெரிது). பிறகு நூலகம்.

வீட்டுக் கணினியில் தேடப் பயம். தேடினது எங்கேயாவது பதிந்திருக்கும். திரை சுவரைப் பார்க்கிற மூலைக் கணினி கிடைத்தது. விளங்கிய அளவில் குறிப்பு:

வைத்திருந்தாலே குற்றம். தன் பாவனைக்கு என்றாலும். முந்தி எச்சரித்து விடுவார்களாம், இப்போது தண்டம்.

தண்டம் பதிவில் ஏறும். குடியுரிமை விண்ணப்பம் தள்ளிப்போகலாம். எவ்வளவு காலம்? கிடைக்கவில்லை. நாங்கள் இந்த வருடம் போடுவதாக இருந்தோம்.

கார். இரத்தத்தில் இருந்தாலே போதும், தள்ளாடவேண்டும் என்றில்லை. லைசென்ஸ் போய்விடும். பிராண்டே மாதிரிச் சின்ன ஊரில் கார் இல்லாமல் என்ன செய்வது. எனக்கு ஓட்டத் தெரியாது. பிள்ளை இருக்கிற வீடு என்றால் கொம்யூன்காரர், நகரசபை ஆட்கள், பிள்ளையைக் கொண்டுபோக வருவார்களா? அதைத் தேடவில்லை. தேட விரல் வரவில்லை.

டொக்டர் எழுதிக் கொடுத்து, சொன்ன அளவில் எடுத்தால் அது வேறு. இந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

அப்படியென்றால் எழுதிக் கொடுக்கிற டொக்டர் ஒருவர் இருக்கிறார். குளிசையாக வருகிறது, வாய்க்குள் அடிக்கிற ஸ்பிறேயாகவும் வருகிறது. கடைத்தட்டில் இராது. ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனி அனுமதி எடுக்கவேண்டும். புகைப்பது எந்த வழியிலும் சட்டத்துக்குள் இல்லை.

நூலகப் பெண் பின்னால் வந்து, உதவி வேண்டுமா என்றாள். மழைச் சப்பாத்துப் பையைத் தூக்கித் திரைக்கு முன் வைத்தேன். வேண்டாம், நன்றி. சப்பாத்து வடிவாக இருக்கிறது என்றாள்.

ஊரில் ஆயுள்வேதக் கடையில் இதைப் போட்டுக் கிண்டிய லேகியம் போத்தலில் இருக்கும். நித்திரைக்கு, பசிக்கு என்று வாங்குவார்கள். ஒருவரும் கஞ்சா என்று சொன்னதில்லை. இங்கே யாருக்காவது அந்தச் சொல் காதில் விழுந்தால் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் என்னைப் பார்த்துக் கதை நின்றுபோகும்.

மே 7, வியாழன்

நாளை விடுமுறை, டேனிஷ் தேவாலயத்தின் பெரிய செப நாள். பேக்கரியில் வரிசை. இந்த ஒரு நாளுக்கென்று சுடுகிற கோதுமைப் பணிசுக்கு ஊரே நிற்கிறது. ஏலக்காய் மணம் தெருமுனை வரை. ஆறு வாங்கினேன். ம. ஒன்றை வழியிலேயே.

மருந்துக்கடை. முதலில் பற்பசை எடுத்தேன். பிறகு விற்றமின். பிறகு கேட்டேன்.

"எனக்குத் தெரிந்த ஒருவருக்கு."

மருந்தாளர் நரைமுடிப் பெண், சிரிக்காமல் சொன்னாள்: "எப்போதும் தெரிந்த ஒருவருக்குத்தான்." உள்ளே கூட்டிப்போய்க் கதிரை தந்தாள். சொன்னது: குடும்ப டொக்டரால் முடியாது. நரம்பு டொக்டர்தான் கோபன்ஹேகனில் இருக்கிற மருந்து அலுவலகத்துக்கு எழுதவேண்டும். இன்ன நோவு, இன்ன மருந்தெல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று, ஒன்றும் சரிவரவில்லை என்று. அனுமதி வந்தால் நாங்கள் மருந்தை எடுப்பித்துத் தருவோம். "அரிதுதான். ஆனால் நடக்காததில்லை."

இவர் வருடம் ஒருதரம் வைலே ஆஸ்பத்திரி நரம்புப் பகுதிக்குப் போகிறவர். தனியாகத்தான் போவார், லீவு எடுக்காமல், வேலை முடிந்து. வந்து "ஒண்டுமில்லை, நல்லம் எண்டு சொன்னவை" என்பார். அங்கே டெலிபோன் எடுத்தேன். யாரோ வரமுடியாது என்று சொன்ன இடம் ஒன்று இருக்கிறதாம். 19ஆம் திகதி. வேறு மருந்து பற்றிக் கேட்கவேண்டும் என்று சொல்லி எடுத்துவிட்டேன். இவரைக் கேட்காமலே.

இரவுச் சாப்பாட்டில் சொன்னேன். பணிஸைப் பிய்த்த கை நின்றது.

"அக்கா அங்க பங்கருக்குள்ள. நான் இஞ்ச டொக்டருக்கு முன்னால இருந்து கால் நோகுது எண்டு சொல்லுறதோ?"

"ரெண்டும் ரெண்டு விஷயம்."

"உமக்கு ரெண்டு. எனக்கு ஒண்டு."

ம. டேனிஷில் கேட்டாள், பணிஸ் மிச்சம் இருக்கிறதா என்று. இருந்தது.

மே 8, வெள்ளி

காலையில் பஸ். இந்தப் பக்கத்து ஜூட்லாந்துத் தமிழர் எல்லாரும் கோபன்ஹேகனில், வன்னிச் சண்டையை நிறுத்தச் சொல்லி, பாராளுமன்றத்துக்கு முன்னால் நிற்கப் போகிறார்கள். இவரும் ஈசன் அண்ணையும். அவ்வளவு தூரம் பஸ்ஸில் இருந்தால் அந்தக் கால் என்னவாகும் என்று கேட்கவில்லை. கேட்டால் வரும் பதில் தெரியும்.

பஸ் போன பிறகு தையல் பெட்டியைத் திறந்தேன். ஒளித்த இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறார், கட்டி குறைந்திருக்கிறது. கத்தியால் வெட்டிய முகம் புதிதாக.

ஜக்கெட் பொக்கற்றில்தான் இருக்கும். பொலிஸ் வரிசைக்கு முன்னால், பொக்கற்றில் அதோடு, பதாகை பிடித்துக்கொண்டு.

டெலிபோன் எடுத்தேன். சத்தம். கோஷம். "என்னப்பா, கேக்கேல்லை" என்றார். எப்படிச் சொல்வது, அந்தச் சனத்துக்கு நடுவில். "பொக்கற்" என்றேன். "என்ன பொக்கற்?" "ஒண்டுமில்லை. கவனம்."

நாள் முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. ம. மழைச் சப்பாத்தோடு வீட்டுக்குள் நடந்தாள், நடக்கட்டும் என்று விட்டேன். சோறு குழைந்தது. டேனிஷ் செய்தியில் ஒரு கணம் காட்டினார்கள், கொடிகள், தூரத்தில். இவரைத் தேடினேன். பிறகு காலநிலை.

மே 9, சனி

வந்துவிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பொலிஸ்காரன் இவர் நொண்டுவதைப் பார்த்து மடக்குக் கதிரை கொண்டுவந்து போட்டானாம். கதிரை. பொக்கற்றில் அது இருக்க, பொலிஸ் தந்த கதிரையில் மத்தியானம் வரை இருந்திருக்கிறார். சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் குளிக்கும்போது ஜக்கெட்டில் இருந்ததையும் தையல் பெட்டியில் இருந்ததையும் எடுத்தேன். இவர் வெளியே வந்ததும் நான் உள்ளே போனேன். மலசலகூடத்தில் போட்டுத் தண்ணீர் இழுத்தேன். ஒரு துண்டு மிதந்து நின்றது. திரும்ப இழுத்தேன். பேணியைக் கழுவினேன், மணம் போகவில்லை, பேணியையும் எறிந்தேன்.

சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். "சரி" என்றார். அவ்வளவுதான்.

மே 12, செவ்வாய்

குளிர். மூன்றாம் இரவாகத் தரையில் படுக்கிறார். மெத்தையில் கால் இழுக்கும்போது நான் எழும்பிவிடுவேன் என்று. தரையில் இழுத்தாலும் கேட்கிறது, குதிக்கால் பலகையில் அடிக்கிற சத்தம்.

நான் செய்தது சரி. இதை எழுதிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

காலமை ம.வின் வேலை: அப்பாவின் காலுக்கு மேசு, காலுறை, போடுவது. இவருக்குக் குனிய முடியாது. அவள் அதை விளையாட்டு என்று நினைத்திருக்கிறாள். குதிக்கால் மேலே வரும்படி போட்டுவிட்டு "ரெடி" என்கிறாள். அப்படியே சப்பாத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்.

அவருடைய மேசு லாச்சியை இழுத்து அடுக்கும்போது அடியில் குளிசைப் பெட்டிகள். வைலேயில் எழுதிக் கொடுத்தவை. உடைக்காத பெட்டிகள், ஒன்றின் மேல் ஒன்று, திகதி வரிசையில். வாங்கியிருக்கிறார். விழுங்கவில்லை.

"ஏன் போடேல்லை?"

"நித்திரை தூங்குது. ட்ரக்கில இருந்து நித்திரை கொண்டா ஆரையாவது இடிச்சுப்போடுவன்."

"அப்ப டொக்டரிட்டச் சொல்லியிருக்கலாமே."

"அந்த மனிசன் யோசிச்சு எழுதித் தந்தது. அதைப் போய் நான் சரியில்லை எண்டு சொல்லுறதே?"

டேனிஷ்காரன் ஒருவனுக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது. மரியாதைக்காக மருந்து வாங்கி அடுக்கி வைத்திருக்கிறார்.

மே 15, வெள்ளி

பின்னேரம் ஈசன் அண்ணை வந்தார். கையில் பலாப்பழப் பேணி. வாசலிலேயே தொடங்கினார்.

"தங்கச்சி, எல்லாத்தையும் தண்ணியில விட்டிட்டீராம். பிராண்டே ஆத்து மீனெல்லாம் சிரிச்சுக்கொண்டு திரியுதாம்."

"நீங்கள் செய்தது சரியோ அண்ணை? சின்னப் பிள்ளை இருக்கிற வீடு."

"நான் தந்தது மருந்துதான் பிள்ளை. பெட்டி மட்டும்தான் இல்லை."

"பெட்டி இல்லாத மருந்துக்குத்தான் பொலிஸ் வாறது."

"அது ஓம்." தேத்தண்ணியை ஆற்றினார். "ஆனா இவன் அண்டைக்கு ட்ரக்கால இறங்கேலாம அழுதவன். ஆருக்கும் சொல்லாதையும். அதைப் பார்த்துக்கொண்டு நான் என்ன செய்யிறது?"

இவர் பலாப்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் இருந்து கேட்டிருக்கிறார்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று. இந்தப் பக்கத்துக்கு வருகிறவர் தமிழ்ப் பள்ளிக்கூட மாஸ்ரர். கோயில் சபையிலும் இருக்கிறார்.

"அந்தாள் மொழிபெயர்த்தா டொக்டருக்குப் பாதி, கோயிலுக்கு முழுசு" என்றார் ஈசன் அண்ணை.

"ஒருத்தரும் வேண்டாம். எனக்கு டேனிஷ் தெரியும்" என்றார் இவர்.

இவருடைய டேனிஷ் தொழிற்சாலை டேனிஷ். மேலே, கீழே, நிற்பாட்டு, கவனம், நல்லம், பிரச்சினை இல்லை. நோவுக்கு அதில் சொல் இல்லை. நானும் வாறன் என்றேன். "வாரும். ஆனா கதைக்கிறது நான்."

போகும்போது ஈசன் அண்ணை கதவடியில் மெல்லக் கேட்டார், அக்காவின் பக்கம் ஏதும் தெரிஞ்சதோ என்று. இல்லை என்று தலையாட்டினேன். சிரிப்பெல்லாம் போய்விட்டது அவருக்கு.

மே 17, ஞாயிறு

ஒன்றும் எழுத இல்லை. வன்னிச் செய்திக்காகக் கணினி இரவு பகலாகத் திறந்தபடி. டெலிபோன் அடித்தால் இருவரும் ஓடுகிறோம். ஒருமுறை பல் டொக்டரின் நினைவூட்டல். ஒருமுறை கோபன்ஹேகன் பக்கத்து இஷொயில் இருந்து இவருடைய ஒன்றுவிட்ட தம்பி: "அண்ணை, உங்களுக்கு ஏதும் தகவல்?" இல்லை, உனக்கு? இல்லை.

மே 18, திங்கள்

சண்டை முடிந்துவிட்டதாம்.

இவர் வேலைக்குப் போனார். ஏன் என்று கேட்டேன். "வீட்டில இருந்தா என்ன செய்யிறது" என்றார். நானும் போனேன். முதியோர் இல்லத்தில் இரண்டு கட்டிலுக்கு விரிப்பு மாற்றினேன், ஒரு கிழவருக்கு முகச்சவரம். என்ன, முகம் வெளிறிக்கிடக்கிறது என்று கேட்டார் அவர். நித்திரை இல்லை என்றேன். பொய் இல்லை.

பின்னேரம் ரீவிக்கு முன்னால் இவர், சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு. கரை, புகை, நடக்கிற சனம். ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார், படம் அடுத்த முகத்துக்குப் போக முன்னம். ம. மடியில் ஏறி, அப்பா ஏன் அழுகிறார் என்று டேனிஷில் என்னைக் கேட்டாள், அப்பா அங்கே இல்லாத மாதிரி. கால் நோகுது என்றேன். வேறென்ன சொல்வது. இறங்கிப்போய் ஒரு மேசு கொண்டுவந்தாள்.

நாளை வைலே. வருவாரா தெரியாது. கேட்கவில்லை. சட்டையை மட்டும் அயர்ன் பண்ணி வைத்திருக்கிறேன்.

மே 19, செவ்வாய்

வந்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு காரில் போய் இருந்தார், நான் ம.வை விட்டுவிட்டு வரும்வரை. வழியெல்லாம் மஞ்சள் பூ வயல்.

டொக்டர் மாறிவிட்டார். இப்போது ஒரு இளம் பெண், உயரம், சிவப்புக் கண்ணாடி. கைகுலுக்கிவிட்டுத் திரையைப் பார்த்தாள். எப்படி இருக்கிறது?

"டெ கோ ஃபீன்." நல்லாகப் போகிறது. இவர், கையைத் தொடையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"ஆம்" என்றாள். "போன வருடமும் நல்லாகப் போயிருக்கிறது. அதற்கு முதல் வருடமும். குளிசை நன்றாக வேலை செய்கிறது என்றும் இருக்கிறது." என்னைப் பார்த்தாள். "நீங்கள் டெலிபோனில் வேறு மருந்து பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நல்லாக இருக்கிற ஒருவருக்கு நான் எதை வைத்து எழுதுவது?"

பிறகு பத்துக்கு எத்தனை என்று கேட்டாள். நோவு இல்லையென்றால் பூச்சியம். நினைத்துப் பார்க்கக்கூடிய மிக மோசமான நோவு பத்து.

"ரெண்டு" என்றார், டேனிஷில்.

"ரெண்டு இல்லை" என்றேன்.

"நீர் பேசாம இரும்."

என்ன சொன்னார் என்று டொக்டர் கேட்டாள். அதையும் மொழிபெயர்த்தேன். சிரித்துவிட்டாள், உடனே நிறுத்தினாள். ஏன் இரண்டு என்று அவரையே கேட்டாள்.

யன்னலுக்கு வெளியே கார் தரிப்பிடத்தைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னார், எனக்கு: "பத்தெண்டா ஆக மோசமானதாம். பத்து எங்க இருக்கெண்டு நேற்று ரீவியில பார்த்தனாங்கள்தானே. அப்ப எனக்கு ரெண்டு. அதுவும் கூட."

சொல்லுக்குச் சொல் டேனிஷில் சொன்னேன். நான் டேனிஷ் சொல் தேடிய இடத்தில் காத்திருந்தாள். செய்தி பார்த்தேன் என்றாள். அங்கே யார்? அக்கா, என்றார். பிள்ளைகள் ரெண்டு.

அதன் பிறகு அவள் எண் கேட்கவே இல்லை. வேறு கேள்விகள். மேசு யார் போடுவது? மகள். எங்கே படுக்கிறீர்கள்? தரையில். ட்ரக்கால் எப்படி இறங்குவீர்கள்? எழுந்து காட்டினார்: கையால் கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில், பிறகு மற்றதைத் தூக்கி வைத்து. கையால் தூக்கி. குளிசை எப்போது போடுகிறீர்கள்? போடுவதில்லை, லாச்சியில் இருக்கிறது. ஏன்? ட்ரக். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், வேலையில் புதிதாக வந்தவனுக்கு வேலை காட்டுகிற மாதிரி. முறைப்பாடு என்று நினைத்திருந்தால் ஒரு சொல் வந்திராது. அவள் தட்டச்சுச் செய்துகொண்டே இருந்தாள்.

பிறகு, அதே குரலில், அந்தக் கட்டிக்கு இங்குள்ள பெயரைச் சொல்லி: "ஹாஷ் புகைத்ததுண்டா?"

"இல்லை" என்றார்.

டொக்டர் திரையை விட்டுத் திரும்பினாள். நீங்கள் சொல்வதை நான் பொலிஸுக்குச் சொல்லமாட்டேன் என்றாள். தண்டிக்கக் கேட்கவில்லை. உதவியதா இல்லையா என்பது எனக்குத் தெரியவேண்டும். பிறகு என்னைப் பார்த்து, வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதல்லவா, என்று தொடங்கினாள்.

"இப்போது வீட்டில் ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டேன். "எல்லாவற்றையும் மலசலகூடத்தில் போட்டுத் தண்ணீர் இழுத்துவிட்டேன்."

இவர் கையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். இல்லை.

"அப்படியானால் இருந்திருக்கிறது" என்றாள் டொக்டர்.

"கொஞ்சம்" என்றார் இவர், முகத்தை எடுக்காமல். "இரவில். உதவியது."

அவள் சொன்னவை, மறக்க முன்னம்: புகைப்பதை யாராலும் எழுதித் தரமுடியாது, அதை விடவேண்டும். ஸ்பிறே இருக்கிறது, தன்னால் அனுமதி கேட்கமுடியும். ஆனால் கோபன்ஹேகனில் முதல் கேள்வி என்னென்ன கொடுத்துப் பார்த்தீர்கள் என்பதாக இருக்கும். "இதுவரை ஒரு மருந்து. அதுவும் லாச்சிக்குக் கொடுத்திருக்கிறீர்கள்." ஆகவே முதலில் வேறு குளிசை, ஆறு கிழமை, உண்மையாக விழுங்கி. அந்தக் காலம் ட்ரக் இல்லை, தொழிற்சாலைக்குக் கடிதம் தருவாள். காரும் ஓடக்கூடாது, தான் சொல்லும் வரை. ஒரு தாள், காலையும் மாலையும் எண் எழுத. சரிவராவிட்டால் அந்தத் தாளை வைத்து எழுதுவேன் என்றாள். "ஆனால் முழுக்க இரண்டு இரண்டாக இருந்தால் என்னை ஒருவரும் நம்பமாட்டார்கள்."

குளிசை நாளைக்குத்தான் தொடங்குவது. அதனால் இவரே ஓட்டினார். பாதி வழியில்:

"மலசலகூடத்தில போட்டனான் எண்டு டேனிஷில சொல்லத் தெரிஞ்சிருக்கு உமக்கு."

"கொம்யூனுக்குப் பயந்தா எனக்கு எல்லாம் சொல்ல வரும்."

பிறகு திரும்பவும் மஞ்சள் வயல்.

மே 23, சனி

தூறல். தாள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில், ம. கீறின குதிரைக்குப் பக்கத்தில். வெறுமை. புதன் தொடக்கம் ஒரு எண் இல்லை.

குளிசை போடுகிறார், எனக்கு முன்னால் வாயைத் திறந்தும் காட்டுகிறார். இருந்தபடியே நித்திரை தூங்குகிறார், கால் இழுப்பு அப்படியே. தொழிற்சாலையில் திருகாணி எண்ணுகிற மேசைக்கு மாற்றிவிட்டார்கள். ஈசன் அண்ணை காரில் ஏற்றி இறக்குகிறார். "உம்மட மனிசன் என்ர வேலையைப் பறிக்க வந்திட்டார்" என்றார். "எண்ணத் தெரியுமாம். ஆனா பத்துக்கு மேல போகமாட்டாராம்."

"பத்தென்ன, ரெண்டுக்கு மேலயே போறாரில்லை" என்றேன். அண்ணைக்கு விளங்கவில்லை. தாளைக் காட்டினேன்.

நானே நிரப்பிவிடலாம். ஏழு, எட்டு, ஏழு, ஒன்பது. எனக்குத் தெரியும்தானே, இரவு முழுக்கக் கேட்டுக்கொண்டு கிடக்கிறேன். பேனாவையும் எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். ஒரு பொய்த் தாளில் வருகிற மருந்து. அதுவும் பெட்டி இல்லாத மருந்து மாதிரித்தான்.

கார் பழக எழுதிக் கொடுத்திருக்கிறேன். வகுப்பு ஆனியில். இவருக்கு இன்னும் சொல்லவில்லை.

முகாம்களில் இருந்து பெயர்கள் வருகின்றன என்கிறார்கள். யாரிடமிருந்து யாருக்கு என்று தெரியவில்லை. இஷொய்த் தம்பி இரண்டு பெயர் அனுப்பினான். ஒன்று அக்காவின் பெயர்தான். வயது வேறு.

மே 25, திங்கள்

தாள்: வெறுமை. ம.வின் பழ முறை திரும்பவும். தோடம்பழம் வாங்கவேண்டும்.

"எழுதுங்கோவன்" என்றேன். "பேந்து" என்றார்.

மே 27, புதன்

வெயில். காலமை ம. மேசு போட்டுக்கொண்டிருக்கும்போது டெலிபோன். தெரியாத நீண்ட எண். இவர் கதிரையில் இருந்து எட்டி எடுத்தார், ஒரு காலில் மேசு, ஒரு காலில் இல்லை.

ஒரு பெடியன் குரல்: "வெளிநாட்டு அண்ணையே? கெதியாக் கதையுங்கோ, காசு முடியும்." பிறகு சரசரப்பு. பிறகு அக்கா.

எனக்கும் கேட்க ஒலிபெருக்கியை அமத்தினேன். அந்தக் குரலை எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகு டெலிபோனில் மட்டும்தான் தெரியும். இருமல் கலந்து. வவுனியாவில் முகாமில் இருக்கிறாவாம். சின்னவன் கூட இருக்கிறானாம். பெரியவளை வேறு இடத்துக்குக் கொண்டுபோயிட்டினம், தேடுறன், என்றா. இவர் அக்கா அக்கா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தம்பி, கேக்குதே. உன்ர கால் எப்பிடி?"

ஒவ்வொரு முறையும் கேட்பது. கல்யாண வீட்டுக்கு எடுத்தாலும், ம. பிறந்ததற்கு எடுத்தாலும். ஒவ்வொரு முறையும் இவர் சொல்வது, நல்லாயிருக்கு அக்கா.

ம. மற்ற மேசோடு நின்றாள்.

"நோகுதக்கா" என்றார். "சரியா நோகுது."

"எனக்குத் தெரியும்" என்றா அக்கா. "வடிவா மருந்தெடு என்ன." பிறகு பெடியன் ஏதோ சொன்னான், பிறகு தொடர்பு அறுந்தது.

கனநேரம் டெலிபோனைக் கையில் வைத்திருந்தார். ம. குதிக்காலைச் சரியாகப் போட்டு முடித்து, ரெடி என்றாள். எழும்பினார், மேசையைப் பிடித்து, சுவரைப் பிடித்து, குளிர்சாதனப் பெட்டி வரை. பேனா எழுதவில்லை. உதறினார். ம. தன் பச்சைக் கலர்ப் பென்சிலைக் கொடுத்தாள்.

27, காலை: 8.

ஈசன் அண்ணை வெளியே ஹோர்ன் அடிக்கிறார். தோடம்பழம் மறந்துபோனேன்.